பால் காய்ச்சும் தேதி

இன்டர்ன்ஷிப்புக்காகப் பூவிழி ஏறி இறங்காத கட்டுமானக் கம்பெனி இல்லை. சிமென்ட் வரவழைப்பதிலிருந்து கொத்தனாரை அனுப்புவதுவரை எல்லாம் மேனேஜராக வைத்திருக்கும் ஏ.ஐ. மெஷினே பார்த்துக்கொள்கிறது. சிவில் படித்த பெண்ணுக்கு அங்கே என்ன வேலை?

கடைசிக் கம்பெனியில் நேர்காணல் நடத்தியதே மெஷின்தான்.

"வீடு எப்ப முடியும்னு கஸ்டமர் கேட்டா என்ன சொல்வீங்க?"

"அடுத்த மாசம் முடிஞ்சிரும் சார்" என்று வாய்தவறிச் சொல்லிவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டாள்.

"நாளைக்கே சேர்ந்துடுங்க" என்றது மெஷின். "நான் சரியான தேதியைச் சொல்லிடறேன். அழறாங்க, புக்கிங்கை ரத்து பண்றாங்க. அவங்ககிட்ட பேச ஆள் வேணும்."

அந்தக் கம்பெனிதான் பூவிழியின் அப்பா புக் செய்திருந்த ஃப்ளாட்டையும் கட்டுகிறது. சேர்ந்ததும் முதலில் அதன் தேதியைத்தான் பார்த்தாள். இன்னும் நான்கு வருடம். நோயில் படுத்திருக்கும் அப்பாவுக்கு டாக்டர் சொல்லியிருந்த ஆயுள் அதில் பாதிகூட இல்லை.

சாயங்காலம் கட்டிலில் படுத்தபடியே அப்பா கேட்டார். "நம்ம வீட்டுல எப்பம்மா பால் காய்ச்சலாம்?"

"தை மாசம் காய்ச்சிடலாம்பா."

அப்பா சிரித்தார். "காலையிலயே போன் பண்ணிக் கேட்டேன். உங்க மெஷின் தேதியைச் சொல்லிடுச்சு."

பூவிழி தலையைக் குனிந்துகொண்டாள்.

"பரவாயில்ல" என்றார் அப்பா. "நீ இன்னொரு தடவை சொல்லு."