ஐந்தாவது பிரேக் பம்ப்

“இதுவும் சரியில்லண்ணே. அப்பா ஒரு மிதிதான் மிதிச்சாரு. வேணாம்னு கையைக் காட்டிட்டாரு.”

மலர்விழி பிரேக் பம்பைப் பிரான்க்ளினின் மேசைமேல் வைத்தாள். நாலு மாதத்தில் அவள் திருப்பிக் கொண்டுவந்த ஐந்தாவது பம்ப் அது. அலோர் காஜாவில் இருபது வருடமாக ஸ்பேர் பார்ட்ஸ் கடை நடத்துகிறான் பிரான்க்ளின். இப்படி ஒரு வாடிக்கை அவனுக்கு இதுவரை வாய்த்ததில்லை.

வண்டி, இரண்டே பேர் உட்காரக்கூடிய பழைய எம்.ஜி. ஸ்போர்ட்ஸ் கார். ரப்பர் தோட்டத்து வெள்ளைக்கார துரை ஊருக்குக் கப்பலேறியபோது, டிரைவராக இருந்த மலர்விழியின் அப்பா தங்கையாவுக்குக் கொடுத்துவிட்டுப் போனது. மகள் அதற்கு பெயின்ட் அடித்து, சீட்டைத் தைத்து, டயரையும் மாற்றிவிட்டாள். பழைய பம்ப் மட்டும் துரு அரித்து, ரிப்பேருக்கு லாயக்கில்லாமல் போய்விட்டது.

“இது இங்கிலாந்துலேருந்து வரவழைச்சதும்மா. அளவு கச்சிதமா இருக்கே. இதுல என்ன குறை?”

“மிதி ரொம்ப இறுக்கமா இருக்காம். ஒரிஜினல்னா கொஞ்சம் இறங்கி அப்புறம்தான் நிக்குமாம். அவரு காலுக்குத் தெரியுது, நான் என்னண்ணே செய்ய?”

தங்கையா கடைவாசலில் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். எண்பத்திரண்டு வயது. சட்டை இஸ்திரி மடிப்புக் கலையாமல் இருந்தது. “நேத்து ஜாசின் வரைக்கும் போனேன் தம்பி. இறக்கத்துல பிரேக்கு என் பேச்சைக் கேக்கல,” என்றார்.

பிரான்க்ளினுக்குத் திக்கென்றது. இந்த வயதில் ஜாசின் வரைக்குமா? செம்பனைக் குலை ஏற்றிய லாரிகள் அந்த ரோட்டில் பறக்கிற பறப்பு அவனுக்குத் தெரியும்.

“பேசாம சர்வோ மாட்டிடலாம்லா,” என்றான் மலர்விழியிடம். “எஞ்சின் ஓடறப்ப அது இழுத்துக் குடுக்கும். மிதி மெத்துனு ஆயிடும். ஒரு நாள் வேலைதான்.”

“எஞ்சினை நம்பி இருக்கிற பிரேக்கு எங்களுக்கு ஆகாதுண்ணே.”

பழைய வண்டி வைத்திருப்பவர்களுக்கே உள்ள பிடிவாதம் என்று பிரான்க்ளின் நினைத்துக்கொண்டான். யானையைக் கட்டித் தீனி போடுகிற ஜாதி இது, சொன்னால் கேட்காது.

ஆனால் இன்று அவனிடம் ஒரு நல்ல செய்தி இருந்தது. யாரோ மூடிவிட்டுப் போன பட்டறையிலிருந்து, எண்ணெய்த்தாள் பிரிக்காத ஒரிஜினல் பம்ப் ஒன்று பெட்டியோடு போன வாரம் வந்து சேர்ந்திருந்தது. அதை எடுத்துக் கொடுத்து அவள் முகம் மாறுவதைப் பார்க்கலாம் என்று மேசைக்கு அடியில் குனிந்தான்.

“தம்பிக்குக் கல்யாணம் ஆயிடுச்சா?” என்றார் தங்கையா.

கால் மணி நேரத்தில் மூன்றாவது தடவையாகக் கேட்கிறார். அதே சிரிப்பு, அதே கேள்வி. முதல் இரண்டு தடவையும் இரண்டு பிள்ளைகள் என்று பதில் சொன்ன பிரான்க்ளின், இந்தத் தடவை மலர்விழியைப் பார்த்தான்.

“ரெண்டு வருசமா இப்படித்தாண்ணே,” என்றாள் அவள் குரலைத் தணித்து. “சில நேரம் என்னையே யாருன்னு கேக்கறாரு. சாயங்காலம் தேத்தண்ணி குடிச்சிட்டு வண்டியில ஏறினா மட்டும் பழைய மனுசன். மிதி சரியில்லன்னா, இது என் வண்டி இல்லன்னு எறங்கி, தன் வண்டியைத் தேடி ரோட்டுக்குப் போயிடறாரு. போன வாரம் எங்க வீட்டுக்கிட்ட தங்கா பத்து மெயின் ரோட்டுல நட்டநடுவுல நின்னாரு. ஒரு லாரிக்காரர் கையைப் பிடிச்சிக் கூட்டியாந்து விட்டாரு. அடுத்த தடவை யாரு கூட்டியாருவா?”

பிரான்க்ளின் பெட்டியை எடுக்கவில்லை. காலால் இன்னும் உள்ளே தள்ளினான்.

“ஒரிஜினல் இனிமே கிடைக்காதும்மா.” பொய் சொல்லிப் பழகாத நாக்கு, சற்றுத் தடுமாறியது.

“அப்படிச் சொல்லாதீங்கண்ணே. ஈப்போ, பினாங்கு, சிங்கப்பூரு, எல்லா எடத்துலயும் கேட்டுட்டேன். வீட்டைப் பூட்டி வெச்சா கதவை அடிச்சி அடிச்சி அழறாரு. பெத்தவரைக் கட்டிப் போடவா முடியும்?” அவள் துப்பட்டாவால் கண்ணைத் துடைத்தாள். துடைக்கத் துடைக்க வந்துகொண்டே இருந்தது.

பிரான்க்ளின் மேசைக்கு அடியில் ஒரு தடவை பார்த்துக்கொண்டான். பம்பைக் கொடுத்தால் யார் வீட்டுப் பிள்ளைக்கு என்ன ஆகுமோ. கொடுக்காவிட்டால் இந்தக் கிழவருக்கு என்ன ஆகுமோ. இருதலைக் கொள்ளி எறும்பு என்று படித்திருக்கிறான், அது இப்படித்தான் இருக்கும் போலிருக்கிறது. ஒன்றும் செய்ய முடியாத எரிச்சல் அவள்மேலேயே கோபமாகத் திரும்பியது.

“ஒங்கப்பா சந்தோசம் பெருசுதான். இல்லன்னு சொல்லல. ஆனா சாயங்காலம் புள்ளைங்க சைக்கிள் ஓட்டற நேரம். ஒண்ணு குறுக்கே வந்துட்டா என்ன பதில் சொல்லுவ? நெனவு தப்பினவரு கையில சாவியைக் குடுத்துட்டு, பிரேக்கைத் தேடிக்கிட்டு அலையறியேம்மா. அவரு ரோட்டுல ஓட்டறதை மொதல்ல நிறுத்து.”

மலர்விழி ஒன்றும் விளங்காமல் அவனையே பார்த்தாள். அப்பா கவனிக்கிறாரா என்று வாசலை ஒரு தடவை திரும்பிப் பார்த்துவிட்டு, மேசைமேல் சாய்ந்து அவன் காதருகே சொன்னாள்.

“வண்டியில எஞ்சினே இல்லண்ணே.”