ஏழாம் வாய்ப்பாடு

தகரக் கூரையில் மழை அடிக்கிறது. தோட்டப் பள்ளிக்கூடத்துக்குள் ஈரச் சாக்கு நாற்றம். ஏழாம் வாய்ப்பாடு சொல்ல எழுந்து நிற்கிறாள் காளியாயி. "கையக் கட்டிக்கிட்டுச் சொல்லு," என்கிறார் பெற்றீசியா டீச்சர். மூவேழு இருபத்தொன்றோடு வாய் நின்றுவிடுகிறது. காலையிலிருந்து இதே கூத்து. நாளைக்கு ஸ்கூல் இன்ஸ்பெக்டர் வருகிறார். கை கட்டாமல் நிற்கிற பிள்ளை அவர் கண்ணுக்கு ஆகாது. "கோயில்ல ஒங்கப்பா அடிக்கிற தப்பு மேளம் மட்டும் ஒரு அடி பிசகாம மண்டையில ஏறுது, இது ஏறலியா?" தலையில் அடித்துக்கொண்டு டீச்சர் கரும்பலகைப் பக்கம் திரும்புகிறார். அவர் முதுகுக்குப் பின்னால் மேசையில் காளியாயியின் விரல்கள் தாளம் போடுகின்றன. வாய்ப்பாடு தடதடவென்று ஓடி வருகிறது. சட்டென்று திரும்புகிறார். கைகள் கட்டிக்கொள்கின்றன, எட்டேழு ஐம்பத்தாறு பாதியில் அறுந்துவிடுகிறது. "தட்டாமச் சொன்னா என்னடி?" "தட்டலேன்னா வர மாட்டேங்குது டீச்சர்." டீச்சர் பெருமூச்சோடு மறுபடி கரும்பலகையைப் பார்த்து நின்றுகொள்கிறார். "ம், சொல்லித் தொலை."