பதினோராவது கேள்வி

"புள்ளைக்கு ஏதும் வியாதி உண்டுமா அண்ணாச்சி? இதுதான் பதினோராவது கேள்வி. உண்டு, இல்லை, ரெண்டுல ஒண்ணு சொல்லுங்க" என்றாள் இன்சூரன்ஸ் ஏஜென்ட் மீனா.

சேக் மைதீன் வாயைத் திறக்குமுன், பக்கத்து நாற்காலியில் இருந்த அக்கா சைதூன் பீவி முந்திக்கொண்டாள்.

"அதைத்தான் நானும் கேக்கேன். குத்தாலத்துக்குப் பக்கத்துல பொறந்து வளந்த புள்ள! போன சீசன்ல ஐந்தருவியில நாங்க அத்தனை பேரும் குளிக்கோம், இவ மட்டும் துண்டைப் புடிச்சுக்கிட்டு கரையில நிக்கா. ஏலே மைதீன், புள்ளைக்கு என்னலே?"

"ஒண்ணும் இல்ல லாத்தா. சளி புடிக்கும்னு பயம், அவ்வளவுதான்." மீனா பக்கம் திரும்பினார். "இல்லைன்னு போடு தாயி."

மகள் ஜுஹைனா தலையைக் குனிந்துகொண்டாள். கைப்பைக்குள் இருந்த இன்ஹேலரை இன்னும் கொஞ்சம் உள்ளே தள்ளினாள்.

ஆறு வயசில் ஆரம்பித்த வீசிங். அவளுக்கும் வாப்பா உம்மாவுக்கும் தவிர வேறு ஈ காக்காய்க்குத் தெரியாது. மறைத்ததே இந்த லாத்தாவுக்குப் பயந்துதான். அவள் மகன் உசாமாவுக்குத்தான் ஜுஹைனாவைப் பேசி வைத்திருக்கிறது. ஜுஹைனா அயர்லாந்துக்கு மேல்படிப்புக்குப் போகிறாள், இந்த இன்சூரன்ஸும் அதுக்குத்தான். முடித்து வந்ததும் நிக்காஹ்.

லாத்தா லேசுப்பட்ட ஆளா? தென்காசியில் யார் வீட்டுப் புள்ளைக்கு என்ன நோவு என்று விரல் நுனியில் வைத்திருக்கிறவள். இன்றைக்கு இவளை யார் வெற்றிலை பாக்கு வைத்து அழைத்தது? இந்த மேலகரத்தில் தனக்கும் ஏதோ சோலி இருக்கிறதாம், ஆட்டோவில் தானே ஏறி உட்கார்ந்துகொண்டாள்.

"சரி அண்ணாச்சி, ஆனா ஒண்ணு" என்றாள் மீனா. "இருக்கிற வியாதியை மறைச்சா, நாளைக்கு அங்கன ஆஸ்பத்திரியில படுக்கும்போது கம்பெனிக்காரன் கையை விரிச்சிருவான். உண்டுன்னு போட்டா பிரீமியம்தான் கொஞ்சம் கூடும். நாலு மணிக்குத்தான் அனுப்புவேன். விசா பைல்ல வைக்கணும்லா, அதுக்கு மேல தாங்காது. ஏதும் மாத்தணும்னா..."

"அதான் இல்லைங்கானே! அவனைப் போட்டு ஏன் நோண்டுத?" என்று அதட்டினாள் சைதூன் பீவி.

சேக் மைதீன் கையெழுத்துப் போட்டார்.

வெளியே சாரல். ஆட்டோவில் ஏறின பிறகு, "அடடா, குடையை வச்சுட்டு வந்துட்டேன். இருங்க, வாரேன்" என்று லாத்தா இறங்கிப் போனாள். அந்த நேரம் பார்த்து மனைவி ஹைருன் பீவியிடமிருந்து போன்.

"என்ன போட்டீய?"

"இல்லைன்னுதான். லாத்தா பக்கத்துலேயே இருக்கா, நான் என்ன செய்ய?"

"யா அல்லாஹ்! அந்தக் குளிருக்குள்ள போயி எம் புள்ள..." அவள் அழ ஆரம்பித்துவிட்டாள். இவர் சமாதானம் சொல்லி முடிப்பதற்குள் லாத்தா திரும்பி வந்துவிட்டாள், முக்காடெல்லாம் நனைந்து.

"தூத்தல் நல்லா புடிச்சுட்டுலே. ஆட்டோவை எடுக்கச் சொல்லு" என்றாள்.

வீட்டுக்கு வந்தும் சேக் மைதீனுக்கு இருப்புக் கொள்ளவில்லை. சோறு இறங்கவில்லை. கட்டிலில் உட்கார்ந்தார், எழுந்தார், வாசலுக்குப் போனார், வந்தார். சவூதியில், தம்மாமில் கூட வேலை பார்த்த ஜஸ்டின் ஞாபகம் வந்து வந்து போனது. சுகரை மறைத்துத்தான் அவன் இன்சூரன்ஸ் பாரம் எழுதினான். காலில் புண் வந்து கிடந்தபோது இன்சூரன்ஸ்காரன் எட்டிக்கூடப் பார்க்கவில்லை.

ஜஸ்டினுக்காவது கூட நாலு பேர் இருந்தோம். இவளுக்கு அங்கே யார் இருக்கா?

உள் அறையில் பெட்டி அடுக்கிக்கொண்டிருந்த ஜுஹைனா இருமினாள். மணி மூன்றரை.

சட்டையை மாட்டினார்.

"எங்க போறீய?"

"ஏஜென்ட்கிட்ட கண்ணாடியை வச்சுட்டு வந்துட்டேன்."

"அப்போ மூக்குல இருக்கது யாரோடது?" என்றாள் ஹைருன் பீவி.

பைக்கை முறுக்கினார்.

மேலகரம் போய்ச் சேர்ந்தபோது நாலாக ஐந்து நிமிஷம். மூச்சு வாங்க மீனா முன்னால் போய் நின்றார்.

"தாயி, அந்தப் பதினோராவது கேள்வி... உண்டுன்னு மாத்திரு. வீசிங். தெரிஞ்சே ஒரு பொய்யைச் சொல்லி எம் புள்ளையைப் பிளேன் ஏத்த எனக்கு மனசு வரல. கல்யாணம் நின்னா நிக்கட்டும், எம் புள்ள நல்லா இருக்கணும். எங்க லாத்தா காதுல மட்டும் போட்டுராத, உனக்குப் புண்ணியமாப் போகும்."

மீனா மேசை இழுப்பறையைத் திறந்து புதுப் பாரம் ஒன்றை எடுத்து நீட்டினாள்.

"மாத்தி அடிச்சே வச்சிருக்கேன் அண்ணாச்சி. உங்க கையெழுத்துதான் பாக்கி."

பதினோராவது கேள்விக்கு நேரே அச்சடித்திருந்தது: 'உண்டு. வீசிங். ஆறு வயது முதல்.'

சேக் மைதீன் திகைத்துப்போனார். "யாரு சொன்னது? ஹைருன் போன் போட்டாளா?"

"சொல்ல மாட்டேன்னு வாக்குக் குடுத்திருக்கேன்" என்றாள் மீனா. "'அவன் எப்படியும் திரும்பி வருவான். வெக்கப்பட்டுக்கிட்டு நிப்பான், பாவம். ஒண்ணும் கேக்காம கையெழுத்தை மட்டும் வாங்கிக்கோ. வரலைன்னா நீயே போன் போட்டு வரவழைச்சிரு'ன்னு சொல்லிட்டுப் போனாவ."

கையெழுத்துப் போட்டார். ஹைருனாகத்தான் இருக்கும் என்று நினைத்தபடி படியிறங்கினார்.

"அண்ணாச்சி, ஒரு நிமிசம்!"

மூலையில் சாத்தியிருந்த குடையை எடுத்துக்கொண்டு பின்னாலேயே வந்தாள் மீனா.

"இதையும் அவ்வொகிட்டயே குடுத்துருங்க. எடுக்கத்தான் வந்தாவ, எடுக்காமலே போயிட்டாவ."