மாடியறை வாசல்
குடியை விட நினைப்பவர்கள் கூடும் மாடியறையின் வாசலில், பள்ளி வேன் ஓட்டுகிறவன் கதவின் கைப்பிடியைப் பிடித்தபடி நிற்கிறான். காலை வெயில் முதுகில் ஏறுகிறது. மனைவி விசாரித்து எழுதிக் கொடுத்த முகவரிச் சீட்டு சட்டைப்பையில் வியர்வையில் ஊறிக் கிடக்கிறது. தெரிந்தவர் யாராவது பார்த்தால் வேலை போய்விடும். கதவை விரலகலம் திறக்கிறான். உள்ளே மின்விசிறி கிறீச்சிடுகிறது. வட்டமாகப் போட்ட நாற்காலிகளில் ஒன்றில், தினமும் மகளை அவன் வேனில் ஏற்றிவிட்டுக் கையசைக்கிற அம்மா உட்கார்ந்திருக்கிறாள். திரும்பி ஓடிவிடலாம் என்று காலெடுக்கிற நேரத்தில் அவள் நிமிர்கிறாள். அவள் முகம் வெளுத்துப்போகிறது. எழுந்து வாசலுக்கே வந்துவிடுகிறாள். “அண்ணே, என் பொண்ணுகிட்ட மட்டும் சொல்லிடாதீங்க” என்கிறாள், கைகூப்பாத குறையாக. “நான் உங்களப் பாத்துதாம்மா பயந்து நிக்கிறேன்” என்கிறான்.