சாவி சட்டிக்குள்ள

"எக்கா, எனக்கு நெஞ்சடைப்பு. ஆபரேசனுக்குப் பத்து நிமிசத்துல நீ கைரேகை வைக்கணுமாம்," என்றது போனில் தம்பி முத்துராசின் குரல். கோவில்பட்டிப் பேச்சு அச்சுப் பிசகவில்லை.

பேச்சிக்கனி போன் திரையில் விரலை வைத்துவிடவில்லை. போன மாதம் எதிர்வீட்டு ஜெபராணி, தன் மகனைப் போலவே பேசிய கணினிக் குரலை நம்பிக் கைரேகை வைத்து வீட்டையே தொலைத்தாள். சந்தேகப்பட்டு மகனின் எண்ணுக்கே அவள் திரும்ப அழைத்தபோதுகூட முதல் மணியிலேயே எடுத்துப் பேசியது அந்தப் போலிக்குரல்.

"ஏல, வீட்டைப் பூட்டும்போது அம்மை என்ன சொல்லுவா?"

"சாவி சட்டிக்குள்ள, சட்டி அடுப்புக்குள்ள."

திரைக்குப் போன விரல் நின்றது. அதை அவர்கள் வீட்டில் யாரும் தனியாக முழுசும் சொன்னதில்லை. அம்மை பாதியில் நிறுத்துவாள். அக்காளும் தம்பியும் மீதியைக் கத்துவார்கள். முழுசாக இருந்தது, அம்மையின் நினைவுநாளுக்குப் பேச்சிக்கனி எழுதி ஊருக்கெல்லாம் அனுப்பிய குறிப்பில் மட்டும்தான்.

"எக்கா, சரியாத்தானக்கா சொன்னேன்?"

துண்டித்துவிட்டாள்.

தம்பி ஊரைவிட்டுப் போய் இருபது வருசம், பாதியில் நிறுத்தும் பழக்கம் மறந்திருக்கலாம் என்பது அப்புறம்தான் உறைத்தது. அவனும் அந்தக் குறிப்பைப் படித்தவன்தானே? அவன் எண்ணை அழைத்தாள்.

மணி அடித்தது. முதல் மணியில் யாரும் எடுக்கவில்லை. அடித்துக்கொண்டே இருந்தது.