சிறப்பு ழ

அக்காவின் இடது கட்டைவிரலை மெல்லத் தூக்கி, லேப்டாப்பின் ஓரத்தில் வைக்கப் போனேன். வலது கையில் மாவுக்கட்டு. தூங்குகிறாள் என்று நினைத்தேன்; கண்ணைத் திறந்துவிட்டாள்.

"திருட்டுக் கழுதை. என்னடி பண்ற?"

"பூட்டைத் திறக்கணும்க்கா. பன்னெண்டு மணிக்குள்ள." திரையின் மூலையில் 11:38.

"படம் பாக்கவா?"

"உன் வேலைக்கு வேட்டு வச்சிட்டேன்க்கா."

அக்காவின் கம்பெனியில், புரோகிராமில் இருக்கும் பிழைகளைத் தானாகவே திருத்தும் கருவி ஒன்று வந்திருக்கிறது. அதை இயக்குவது மனிதர்கள் இல்லை, ஏ.ஐ. ஏஜென்ட்டுகள். அவை படித்து நடப்பதற்கு ஒரு கையேடு. அதைப் பக்கம் பக்கமாகச் சோதித்து, குழப்பமான வரிகளை மாற்றி, பத்துக்கு இத்தனை என்று மதிப்பெண் போடுவது அக்காவின் வேலை. கை உடைந்ததிலிருந்து அவள் சொல்லச் சொல்ல நான்தான் டைப் அடிக்கிறேன். இன்று நள்ளிரவு பன்னிரண்டுக்கு அந்தக் கருவி ஓடத் தொடங்கும்.

"கடைசிப் பக்கம்க்கா. 'பிழை செய்தவர்களின் பட்டியலை முடித்துவைக்கவும்'னு இருந்துச்சே. முடிக்கிறதுன்னா என்னன்னு ஏஜென்ட்டுக்குப் புரியாதுன்னு மாத்தச் சொன்னல்ல?"

"ம்."

"நீ 'அளிக்கவும்'னு சொல்லியிருக்க. நான் 'அழிக்கவும்'னு அடிச்சிட்டேன். என் போன்ல இருக்கிற காப்பியப் பாத்தேன். சிறப்பு ழ ஜம்முனு உக்காந்திருக்கு."

அக்கா எழுந்து உட்கார்ந்தாள். "எப்படித் தெரிஞ்சுது?"

"படுத்தேன். சாயங்காலம் உங்க மேனேஜர் ஸ்பீக்கர்ல கத்தினது ஞாபகம் வந்துச்சு. 'லிஸ்ட் காலைல என் டேபிள்ல இருக்கணும், அதுல பேர் இருக்கிற அத்தனை பேரும் திங்கக்கிழமை வீட்டுக்கு'ன்னாரே. அப்ப அளிக்கவும்தானே சரி?"

"அடிச்சதைத் திருப்பி வாசிக்கச் சொன்னேனே?"

"வாசிச்சேன். என் நாக்குல ரெண்டும் ஒண்ணுதானே? தமிழ் டீச்சர் என்னால சிவப்பு மை வாங்கியே ஓஞ்சுட்டாங்க. நீயும் சரின்னு தலையாட்டிட்ட. எந்தப் பக்கத்துக்கும் ஏழுக்கு மேல போடாத மகராசி, அதுக்குப் போய் பத்துக்குப் பத்து!"

"தூக்கக் கலக்கம்" என்றாள்.

"மனுஷன்னா 'அழிக்கவா?'ன்னு ஒரு வார்த்தை கேப்பான். இது எழுதினத அப்படியே செஞ்சிடும்னு நீதானே சொன்ன. பட்டியலே அது திருத்தும்போதுதான் உருவாகுது, வேற எங்கயும் கிடையாது. விரலைக் குடுக்கா!"

11:47.

"தொண்டை வறண்டு கிடக்கு. முதல்ல தண்ணி கொண்டா."

ஓடினேன். பாதி தரையில், பாதி டம்ளரில். ஒரு கையால் டம்ளரைப் பிடித்துக்கொண்டு, மருந்து குடிப்பது போல் மடக்கு மடக்காகக் குடித்தாள்.

"நாப்பது பேராவது அந்த லிஸ்ட்ல வருவாங்க" என்றாள். "கை உடைஞ்சப்ப என்னை ஆஸ்பத்திரிக்குத் தூக்கிட்டு ஓடின மொட்டை அண்ணன் உள்பட."

"அவங்க தப்புப் பண்ணினாங்க, போறாங்க. நீ என்னக்கா பண்ணின?"

அவள் காலி டம்ளரை விரல்களுக்குள் உருட்டிக்கொண்டிருந்தாள்.

11:56. பொறுக்க முடியாமல் அவள் விரலை இழுத்து வைத்து அழுத்தினேன். 'மீண்டும் முயலவும்.' டம்ளர் பிடித்த ஈரம். என் சட்டையில் துடைத்து மறுபடி அழுத்தினேன். 'மீண்டும் முயலவும்.' மூன்றாவது தடவையும் அதேதான்.

"ஊதுடி, காயட்டும்."

ஊதினேன். நெஞ்சு வலிக்கும்வரை ஊதினேன். நான்காவது தடவை பூட்டு திறந்தது. 12:01.

திரையில் பச்சை எழுத்துகள் ஒவ்வொன்றாக வந்து விழுந்துகொண்டிருந்தன. நிறுத்தும் பொத்தானைத் தேடுவதற்குள் கடைசி வரி வந்துவிட்டது: 'பிழைகள் திருத்தப்பட்டன. பட்டியல் அழிக்கப்பட்டது.'

எனக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. "காலைல நானே வந்து உங்க மேனேஜர்கிட்ட சொல்றேன்க்கா. நீ ஒண்ணும் பண்ணல, என் காதுதான் தப்பாக் கேட்டுச்சுன்னு."

அக்கா லேப்டாப்பை மூடினாள். இருட்டில் அவள் கை என் தலையைத் தேடி வந்தது.

"நீ சரியாத்தான்டி கேட்ட."