கரும்புகை

குருவிகுளத்தைத் தாண்டியதும் காரின் பெட்ரோல் பம்பு பழுதாகிவிட்டது. பின்சீட்டில் பிச்சம்மாளுக்குப் பிரசவ வலி. டிரைவர் கோமதிநாயகம் ஒரு டின்னில் பெட்ரோல் ஊற்றி, அதிலிருந்து என்ஜினுக்கு ரப்பர் குழாய் மாட்டினான். டின்னை ஜன்னலுக்கு வெளியே பிடித்துக்கொள்ளும்படி, பின்சீட்டில் அவளருகே இருந்த கணவர் சிவராமலிங்கத்திடம் கொடுத்தான்.

கொஞ்ச தூரத்தில் கார் கரும்புகை கக்கித் திணறியது.

“டின்ன உசத்தாதீங்க அண்ணாச்சி! பெட்ரோல் வேகமா எறங்குனா என்ஜின் மூச்சடைச்சு நின்னுரும்!”

புகை அடங்கியது. மறுபடி வந்தது. போகப் போக அடிக்கடி வந்தது.

“இந்தப் பொட்டக்காட்டுல வண்டி நின்னா மதினிய எப்படிக் கொண்டுபோக?” பாதையிலிருந்து கண்ணை எடுக்காமல் அலறினான்.

சங்கரன்கோவில் ஆஸ்பத்திரி வாசலில் நிறுத்திவிட்டுத் திரும்பினான். சிவராமலிங்கம் மயங்கிச் சரிந்து கிடந்தார். டின் பிச்சம்மாளின் கையில் இருந்தது.

“என் வலியப் பாத்து, டின்ன வாங்குனதுமே அவுக மயங்கிட்டாக. எனக்கு வலி வரும்போதெல்லாம் கை தன்னால உசந்துருது” என்றாள்.